சாமி, கொஞ்சம் ஓரமாப் போங்க

டெக்சாஸில் முருகனுக்கும் சனிக்கிழமைதான் வசதி. அந்த வருஷம் தைப்பூசம் வாரத்தின் நடுவில் வந்தது. நடுவில் வந்தால் யார் என்ன செய்ய முடியும்? மீட்டிங் இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. நட்சத்திரம் தன்பாட்டுக்கு அதன் நாளில் வந்துவிட்டுப் போக, நாங்கள் அடுத்த சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பிளானோவில் ஒரு பூங்காவின் பார்க்கிங்கில் பால்குடங்களோடு நின்றுகொண்டிருந்தோம். ஊரில் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்கென்ன, பஸ் ஏறினால் பழனி.

குளிரில் பல் தந்தியடித்தது. மஞ்சள் புடவைக்குள் இரண்டு அடுக்குத் தெர்மல் போட்டிருந்தேன். ஆண்கள் பச்சை வேட்டிக்கு மேல் பஃபர் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு நடப்பதா ஷூ போடலாமா என்று பெரிய விவாதம் நடத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பிளாஸ்டிக் குழாயை வளைத்து வீட்டுக் கராஜிலேயே காவடி செய்து கொண்டுவந்திருந்தார். மயிலிறகு ஆன்லைனில் வாங்கியது. பால், காலன் கேனிலிருந்து பித்தளைக் குடத்துக்கு மாறி, ஃபாயில் பேப்பரால் வாய் மூடி, மேலே மஞ்சள் துணி கட்டிக்கொண்டது. ஒரு மடக்கு மேஜையில் காகிதம் வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். வழியில் விழுந்து எலும்பு முறிந்தால் யாரும் பொறுப்பல்ல என்று அதில் எழுதியிருந்தது. படிக்காமலே போட்டேன். அந்த வாரம் நான் படித்துப் படித்துக் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்த காகிதம் வேறொன்று இருந்தது.

நடைப்பயணத்தை ஏற்பாடு செய்கிற அங்கிள் திண்டுக்கல் பக்கத்துக்காரர். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் டைரக்டர். அன்று இடுப்பில் துண்டும் அதற்கு மேல் நியான் பச்சை வெஸ்ட்டுமாக ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்று சத்தமாகச் சொன்னார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இன்னிக்கு யாருக்கும் பேர் கிடையாது. அங்கிள் கிடையாது, ஆன்ட்டி கிடையாது, டைரக்டர், டாக்டர் எதுவும் கிடையாது. ஆம்பளை, பொம்பளை, குழந்தை எல்லாரும் சாமிதான். கூப்பிடணும்னா 'சாமி'ன்னு கூப்பிடுங்க. சரியா சாமி?"

"சரி சாமி!" என்று கூட்டம் கத்தியது. என் மகள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இழுவண்டியில் உட்கார்ந்திருந்தாள். சத்தம் ஆகாது என்பதற்காகக் காதில் பெரிய ஹெட்ஃபோன் மாட்டியிருந்தோம்.

எங்களோடு கூட வருவதற்கு ஒரு போலீஸ் கார் ஏற்பாடாகியிருந்தது. இளம் ஆபீசர். கண்ணாடியை இறக்கி, இன்று என்ன விசேஷம் என்று அங்கிளிடம் கேட்டார். அங்கிள் இதற்கு முன்பே பதில் தயார்செய்து வைத்திருப்பார் போல.

"இட்ஸ் அவர் பேட்ரன் செயின்ட்ஸ் டே, ஆபீசர். ஐரிஷ் பீப்பிள் எல்லாம் க்ரீன் போட்டுட்டு போவாங்க இல்ல, லைக் தட்" என்றார், பாதியில் தமிழ் கலந்துவிட்டதைக் கவனிக்காமல்.

ஆபீசருக்கு உடனே விளங்கிவிட்டது. "ஓ, க்ரேட். விச் கன்ட்ரி?"

அங்கிள் வாயைத் திறந்து மூடினார். கொஞ்சம் யோசித்து, "நாட் எ கன்ட்ரி, ஆபீசர். எ லாங்வேஜ்" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நல்ல பதில்தான். ஆபீசரும் தலையை ஆட்டிச் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஒரு மொழிக்குக் காவலாக இருக்கிற சாமியிடம், அந்த மொழியை வீட்டைவிட்டுத் துரத்திவிட்டவள் எந்த மூஞ்சியோடு போய் நிற்பது? அதுவும் என்ன கேட்கப் போகிறேன்? பேச்சு.

அதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் தாராபுரம் பக்கம். அங்கே குழந்தையைச் சாமி என்றுதான் கூப்பிடுவோம். "வா சாமி", "சோறு உண்ணு சாமி", "ஏஞ்சாமி அழுகற?" அதில் பக்தியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. வாய்ப்பழக்கம். மகள் பிறந்தபோது நாங்கள் நியூ ஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷனில் இருந்தோம். மூன்று மாதம் தேடிக் கண்டுபிடித்த அழகான பெயர் ஒன்றை அவளுக்கு வைத்தோம். வைத்துவிட்டுச் சாமி என்று கூப்பிட்டோம். கீழ்வீட்டில் சென்னைக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். "ஏன்டி குழந்தையப் போய் சாமி சாமின்ற? மாலை போட்டிருக்காளா, மலைக்கா போறா?" என்று கேலி செய்வாள். எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை. சாமி என்றால் அந்தக் குழந்தை எங்கிருந்தாலும் கழுத்தைத் திருப்பிப் பார்க்கும். அப்போது அது எனக்கு ஒரு விஷயமாகவே தெரியவில்லை. எல்லாக் குழந்தையும் திரும்பும், இவளும் திரும்புகிறாள், அவ்வளவுதான்.

இரண்டரை வயதாகியும் ஒரு சொல் வரவில்லை. அங்கே ஒரு தெரப்பிஸ்ட்டிடம் போனோம். நல்ல பெண்மணிதான், குழந்தையைத் தரையில் உட்கார்த்தி தானும் தரையில் உட்கார்ந்துதான் பேசுவார். அவர் சொன்னது இரண்டு விஷயம். வீட்டில் ஒரே மொழி பேசுங்கள், இரண்டு மொழி குழந்தையைக் குழப்பும். ஒரே பெயரால் கூப்பிடுங்கள், செல்லப்பெயர் வேண்டாம். காரில் திரும்பி வரும்போது என் கணவர், "எந்த மொழி?" என்று கேட்டார். அவர் கேட்கத்தான் செய்தார். பதில் சொன்னது நான். "இங்கிலீஷ்தான். தமிழ வெச்சுட்டு இந்த ஊர்ல என்னங்க பண்ணப் போறா?" அந்த வாக்கியத்தை நான் என்றைக்கும் வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

அன்றிலிருந்து வீட்டில் தமிழ் நின்றது. நான் நிறுத்தினேன் என்றால் சும்மா இல்லை, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி நிறுத்தினேன். அடுப்பில் கை சுட்டால்கூட "அவுச்" என்றேன். ஆபீசில் எனக்கு இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் கொஞ்சுவதற்கு எனக்கு இங்கிலீஷ் வராது. "ஈட் யுவர் ரைஸ், ஸ்வீட்டி" என்பேன், என் காதுக்கே அது கஸ்டமர் சப்போர்ட் மாதிரிக் கேட்கும். ஸ்வீட்டியும் செல்லப்பெயர்தானே என்று பிறகு அதையும் விட்டேன். அவளுடைய அழகான பெயரை மட்டும், மூன்றெழுத்தையும் தெளிவாக, நாளைக்கு நூறு முறை சொன்னேன். ஊரிலிருந்து வீடியோவில் வருகிற என் அம்மாவிடமும், குழந்தையிடம் இங்கிலீஷில் பேசினால் பேசு, இல்லாவிட்டால் பேசாதே என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஹாயும் பையும்தான். இரண்டையும் சொல்லிவிட்டு, "செரி, நீ சொல்லு" என்று என்னிடம் வந்துவிடுவார்.

அவள் பெயரைச் சொன்னால் அவள் திரும்பவில்லை. காதுக்குப் பரிசோதனை எடுத்தார்கள், காது நன்றாக இருந்தது. எந்தப் படிவம் வந்தாலும் அதில் ஒரு வரி இருக்கும்: பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறாளா? இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டுப் போட்டு எனக்குக் கை பழகிவிட்டது.

பிறகு என் கணவருக்கு வேலை மாறி டெக்சாஸ் வந்தோம். இங்கே பள்ளிக்கூடத்தில் புது தெரப்பிஸ்ட். முதல் நாள் நான் பெருமையாகச் சொன்னேன், நாங்கள் வீட்டில் இங்கிலீஷ் மட்டும்தான் பேசுகிறோம் என்று. அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து, "ஹூ டோல்ட் யூ தட்?" என்றாள். இரண்டு மொழியால் எந்தக் குழந்தைக்கும் பேச்சு நிற்காது, உங்கள் மொழியிலேயே பேசுங்கள், தாராளமாகப் பேசுங்கள் என்றாள். எனக்கு எப்படி இருந்திருக்கும்! யாரையாவது பிடித்து நாலு அறை அறையலாம் என்றால் யாரை அறைவது? பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். மறுநாளிலிருந்து தமிழ். ஆனால் என்ன தமிழ் தெரியுமா? "இது தண்ணி. இது சோறு. இது கதவு." அதே பரீட்சைப் புத்தி. அவள் பெயரை மட்டும் மாற்றாமல் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். சாமி எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. இவ்வளவு வாய் பேசுகிறவளுக்கு அந்த ஒரு சொல் எப்படி மறந்துபோனது என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

மகளுக்கு ஆறரை வயது. நடைப்பயணத்துக்கு முந்தின புதன்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து காகிதம் வந்தது. வருஷா வருஷம் வருவதுதான், அந்த வருஷத்துக்கான இலக்குகள். முன்பெல்லாம் முதல் வரியில் இத்தனை சொற்கள் பேசுவாள் என்று ஏதாவது இருக்கும். பேசியதில்லை, ஆனால் வரி இருக்கும். இந்த முறை அந்த வரியே இல்லை. தேவைகளை டேப்லெட்டைத் தொட்டுத் தெரிவிப்பாள் என்று மட்டும் இருந்தது. தெரப்பிஸ்ட்டுக்கு ஃபோன் செய்து கேட்டேன். எதிர்பார்ப்பை மாற்றிக்கொள்வது எல்லோருக்கும் நல்லது என்றாள், ரொம்ப மென்மையாக. திங்கட்கிழமை மீட்டிங். அப்போது கையெழுத்துப் போட வேண்டும்.

இவ்வளவுதான் என் கணக்கு: திங்கட்கிழமைக்குள் ஒரே ஒரு சொல். அம்மா என்றுகூட வேண்டாம். போ என்று சொன்னால்கூடப் போதும். அந்த ஒரு சொல்லைக் காட்டிப் பழைய வரியைத் திரும்ப எழுத வைத்துவிடுவேன்.

எனக்கு வாய் ஜாஸ்தி. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அந்த வாயையே முருகனுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். பால்குடத்தைத் தலையில் எடுத்த நேரத்திலிருந்து பால் ஊற்றி முடிகிறவரை மௌன விரதம். என் பேச்சை நீ எடுத்துக்கொள், அவளுக்குக் கொடு. கணவரிடம் சொன்னபோது, "நீயா? நாலு மணி நேரம் வாயத் தொறக்காமயா? முருகனே நம்ப மாட்டான்" என்றார். அவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை போய் ரொம்ப நாளாகிவிட்டது. ஆனாலும் வண்டியை இழுக்க வந்தார்.

குடத்தைத் தலையில் வைத்ததும் வாயை மூடினேன். கோயில் ஏழு மைல். டெக்சாஸில் யாரும் நடப்பதில்லை என்பதால் நடைபாதையும் பாதியில் காணாமல் போய்விடும். புல்லில் இறங்கி, பெட்ரோல் பங்கைத் தாண்டி, டோல்வே பாலத்துக்கு அடியில் புகுந்து போனோம். "வெற்றிவேல் முருகனுக்கு" என்று முன்னால் ஒருவர் கத்த, "அரோகரா" என்று பாலம் திரும்பக் கத்தியது. பிக்கப் வண்டியில் போன ஒருவர் வேகத்தைக் குறைத்து, எதை எதிர்த்துப் போராடுகிறீர்கள் என்று கேட்டார். கணவர் முன்னால் வண்டியை இழுக்க, நான் பின்னாலேயே மகளின் முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். அவள் எப்போதோ ஹெட்ஃபோனைக் கழற்றிக் கழுத்தில் விட்டிருந்தாள். கூட்டத்துச் சத்தத்தில் கத்துவாள் என்று பயந்தேன். கத்தவில்லை.

ஒன்றரை மைல் போயிருப்போம். நியான் வெஸ்ட் போட்ட ஒரு பெண் பின்னாலிருந்து, "சாமி, கொஞ்சம் ஓரமாப் போங்க, கார் வருது" என்று யாருக்கோ குரல் கொடுத்தாள்.

என் மகள் திரும்பினாள்.

தலை மட்டுமில்லை, தோளோடு திரும்பி, அந்தப் பெண்ணைக் கண்ணுக்கு நேராகப் பார்த்தாள். முழு முகத்தையும் நான் பார்த்தேன். கார் சத்தத்துக்குத் திரும்பியிருப்பாள் என்று நினைத்தேன். கொஞ்ச தூரத்தில் இடது பக்கம் ஒருவர், "சாமி, லேஸ் அவுந்திருக்கு பாருங்க" என்றார். இடது பக்கம் திரும்பினாள். மூன்றாவது தடவை, "சாமி, தண்ணி வேணுமா?" என்று முன்னால் ஒருவர் கேட்டபோது, வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டியே பார்த்தாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அட கெரகமே, அவளுக்குப் பெயர் இருக்கிறது! இரண்டரை வயதுவரை அவளுக்கு இருந்த பெயர் அதுதான். அதை ஒருநாள் காலையில் நான் எடுத்துவிட்டு, அவளுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பெயரால் நான்கு வருஷமாகக் கூப்பிட்டு, திரும்பவில்லை திரும்பவில்லை என்று டிக் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் அவ்வளவு நாளும் அந்தப் பெயருக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளா?

கூப்பிடுவதற்கு வாய் தானாகத் திறந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஏன் கடித்துக்கொண்டேன் என்று இன்றைக்குவரை என்னைக் கேட்காதவர்கள் இல்லை. கேட்பவர்களுக்கு விரதம் இருந்து பழக்கமில்லை. அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது இதுதான்: இதோ, கொடுக்க ஆரம்பித்துவிட்டான். வாயை மூடி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, நான்கு வருஷம் திரும்பாத தலை திரும்புகிறது. இப்போது போய் வாயைத் திறந்து கெடுத்துக்கொள்ளாதே. இன்னும் ஐந்தரை மைல் பொறு. பால் இறங்கட்டும். அப்புறம் ஆயுசுக்கும் கூப்பிடலாம்.

கணவருக்குச் சொல்லலாம் என்று பார்த்தேன். ஒரு கை குடத்தில். எட்டிப் போய் இன்னொரு கையால் அவர் தோளைத் தட்டி, மகளைக் காட்டினேன். "குளுருதுங்கறயா?" என்று கம்பளியை இழுத்து மூடினார். இல்லை என்று தலையசைக்க முடியாது, தலையில் குடம். என் வாயைக் காட்டி, அவளைக் காட்டி, கையை ஆட்டினேன். "பாத்ரூமா? இன்னும் சித்த தூரத்துல வருதும்மா, பொறு" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் குடத்தை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். மூன்றாவது முறை முயன்றபோது அவர் முகம் சுருங்கிவிட்டது. "நடம்மா. சாமி பேரச் சொல்லிட்டு நட" என்றார்.

அதற்கும் அவள் திரும்பினாள். தன் அப்பாவின் முதுகைப் பார்த்தாள். அவர் வண்டியை இழுத்துக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

அன்று அந்தச் சாலையில் இருநூறு பேர் ஒருவரையொருவர் சாமி என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். சாமி, வாழைப்பழம் எடுத்துக்கங்க. சாமி, சிக்னல் விழுந்துடுச்சு, நில்லுங்க. சாமி, அந்த ஸ்பீக்கர் சவுண்டக் கொஞ்சம் கொறைங்க. ஒவ்வொன்றுக்கும் என் மகள் திரும்பினாள். திரும்பி, கூப்பிட்டவரின் முகத்தைத் தேடிப் பிடித்துப் பார்ப்பாள். கூப்பிட்டவர் வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருப்பார். ஒருநிமிஷம் பார்த்துவிட்டு மடியைப் பார்த்துக்கொள்வாள். அடுத்த சாமி வரும். திரும்புவாள். அதுவரை கூப்பிட்டவர்களில் ஒருவர்கூட அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டியவள் பின்னால் நான்கடி தூரத்தில் வாயை மூடிக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன்.

மூன்றாவது மைலில் தோளோடு திரும்புவது நின்று, தலை மட்டும் திரும்பியது. முருகா, சீக்கிரம், சீக்கிரம் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே நடையை எட்டிப் போட்டேன். ஒரு ஆன்ட்டி, "மெதுவா சாமி, பால் தளும்புது" என்றார். நான்காவது மைலில் தலையும் பாதிதான் திரும்பியது. ஐந்தாவது மைலில் ஓய்வுக்கு நிற்கச் சொன்னார்கள், ஆரஞ்சுப்பழமும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். நான் மட்டும் குடத்தோடு நின்றுகொண்டே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிஸ்கட் கொடுக்க வந்த பையன், "சாமி, இந்தாங்க" என்றான். அவள் கண் மட்டும் அசைந்தது. அந்த ஒரு தடவைதான் உண்மையாகவே அவளைக் கூப்பிட்டார்கள். கை நீட்டவில்லை. பையன் பிஸ்கட்டை வண்டியில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அங்கேயாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. இன்னும் இரண்டு மைல்தானே என்று நினைத்தேன். இவ்வளவு தூரம் காத்துவிட்டு இப்போதா என்று நினைத்தேன். முட்டாள். படித்த முட்டாள்.

கோயில் வாசலில் பால்குடத்துக்கு வரிசை நின்றது. முக்கால் மணி நேரம். என் முறை வந்ததும் குடத்தை வாங்கி ஊற்றினார்கள். கருங்கல் முகத்தில் டெக்சாஸ் பால் வழிந்தது. நான் ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை, தீபாராதனைகூடப் பார்க்கவில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு வெளியே ஓடினேன். கணவர் ஷூ வைக்கிற அலமாரிக்குப் பக்கத்தில் மகளோடு தரையில் உட்கார்ந்திருந்தார். அவள் யாரோ குடத்திலிருந்து பிரித்துப் போட்ட ஃபாயில் பேப்பரைக் கசக்கி விரித்துக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"சாமி" என்றேன்.

ஃபாயில் பேப்பரைக் கசக்கினாள்.

"சாமி. ஏஞ்சாமி. இங்க பாரு சாமி. அம்மாடா."

முன்னால் போய் மண்டி போட்டேன். முகத்தைப் பிடித்துத் திருப்பினேன். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு என் கையிலிருந்து முகத்தை விடுவித்துக்கொண்டாள். நான் விடவில்லை, கத்தவே ஆரம்பித்துவிட்டேன். "சாமி! சாமி!" பிரசாதத் தட்டோடு போன நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "என்ன சாமி?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார்.

கணவருக்கு அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டே, மூச்சு வாங்கிக்கொண்டு, முதல் மைலிலிருந்து. "அடிப் பைத்தியக்காரி. ஒரே ஒரு தடவ வாயத் தொறந்து கூப்புட்டிருக்கக் கூடாதா? நா அங்கதான இருந்தேன்? ஒரு வார்த்தை" என்றார். பிறகு அவரே குனிந்து, அவள் காதுப் பக்கம், நான்கு வருஷமாக அவரும் சொல்லாத குரலில், "சாமீ" என்று இழுத்துக் கூப்பிட்டார். அவள் ஃபாயிலை விரித்தாள். அவர் எழுந்துபோய்ப் பார்க்கிங்கில் ரொம்ப நேரம் தனியாக நின்றார்.

அங்கிளின் மனைவி விஷயம் கேள்விப்பட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "முருகன் காட்டிட்டான் பாத்தியா? சந்தோஷப்படும்மா. அடுத்த வருஷம் பேசவே வெச்சுடுவான்" என்றார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். கையை உதறிக்கொண்டேன். அப்படி உதறியது தப்புதான், இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து கூப்பிட்டேன். மெதுவாக, சத்தமாக, பாட்டாக, பக்கத்து அறையிலிருந்து, கதவுக்குப் பின்னாலிருந்து. ஊருக்கு வீடியோ போட்டு அம்மாவைக் கூப்பிட வைத்தேன். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, நான்கு வருஷத்துக்கும் சேர்த்து, "ஏஞ்சாமி, ஏந்தங்கம், அம்முச்சி பேசறேன் சாமி" என்று கொட்டித் தீர்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "பாக்க மாட்டீங்கறாளே" என்றார். சாயங்காலத்துக்குள் என் குரல் கட்டிக்கொண்டுவிட்டது.

திங்கட்கிழமை மீட்டிங் அவளுடைய வகுப்பறையிலேயே நடந்தது. குட்டி நாற்காலிகளில் நாங்கள் உட்கார்ந்திருக்க, அவள் ஜன்னல் பக்கம் கட்டைகளை வரிசை வைத்துக்கொண்டிருந்தாள். காகிதத்தை வரி வரியாகப் படித்துக்கொண்டே வந்தார்கள். பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறாளா என்ற வரி வந்தது. "இல்லை" என்று டீச்சர் தானாகவே படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போகப் பார்த்தார்.

"அவளுக்கு வேறு பெயர் இருக்கிறது" என்றேன், இங்கிலீஷில், கட்டின குரலில். கணவர் என் முழங்கையைத் தொட்டார். நான் நிறுத்தவில்லை. அந்தப் பெயருக்குத் திரும்புவாள் என்றேன்.

தெரப்பிஸ்ட் பேனாவை எடுத்தாள். நிஜமாகவே ஆவலாகக் கேட்டாள். என்ன பெயர்? சொன்னேன். எத்தனை முறை திரும்பினாள்? நிறைய முறை. எப்போது? சனிக்கிழமை. யார் கூப்பிட்டபோது? யார் யாரோ. நீங்கள் கூப்பிட்டபோது? நான் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு? இல்லை.

பேனா நின்றுவிட்டது. அறையில் எல்லோரும் என்னை இரக்கமாகப் பார்த்தார்கள். டீச்சர் வயதானவர், மனசு தாங்காமல், முயன்று பார்ப்போமே என்று ஜன்னல் பக்கம் திரும்பி, வாய் நிறையச் சிரிப்போடு, "ஸேமி! ஸேமி!" என்று கூப்பிட்டார்.

அவள் கட்டையின் மேல் கட்டையை வைத்தாள். ஏன் திரும்புவாள்? ஒரு நாள் முழுக்கத் திரும்பிப் பார்த்துவிட்டாள். அவள் திரும்பிய வரைக்கும் யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

டீச்சர் பேனாவை என் பக்கம் நகர்த்தினார். இல்லை என்ற கட்டத்தில் இருந்த டிக்கை அப்படியே விட்டுவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டேன்.